முதல் பல் முதல் இருபதாம் பல் வரை: விரல் பிரஷும் குட்டி பிரஷும்

குழந்தைக்குப் பல் தேய்க்க, நம் விரலில் மாட்டிக்கொள்ளும் சிலிக்கோன் விரல் பிரஷ் வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பேன். ஆனால் அதை நம்பி நெடுநாள் ஓட்ட முடியாது. என் மகளுக்கு முதல் பல் எட்டிப் பார்த்தது முதல் இருபது பால்பற்களும் முளைத்து முடியும்வரை, கடைகளில் இதற்கென்று விற்பவற்றில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்திப் பார்த்தாயிற்று.

பல் வருவதற்கு முன்பு எதையும் வாங்க வேண்டாம். பால் குடித்த பிறகு சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றி ஈறைத் துடைத்தால் போதும். வாய்க்குள் நம் விரல் வருவது குழந்தைக்குப் பழகிவிடும். பின்னால் அது பெரிய உதவி.

கீழ்முன்பற்கள் இரண்டும் வெளியே வந்ததும் விரல் பிரஷுக்கு மாறினோம். ஈறு நமைச்சல் எடுக்கும் நாட்களில் அவளே வாயைத் திறந்து கேட்பாள். அதுவரை நல்ல பொருள்தான். ஆனால் அதன் முட்கள் தடித்து மொட்டையாக இருப்பதால் பல்லின் முகப்பைத்தான் துடைக்கும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படிந்திருப்பதை எடுக்காது. மேலே நான்கு, கீழே நான்கு என்று பற்கள் சேர்ந்தபின் அவள் கடித்த கடியில் பிரஷ் தப்பியது, விரல் தப்பவில்லை. கடிபட்டுக் கிழிந்த சிலிக்கோன் துண்டு தொண்டைக்குள் போகும் அபாயமும் உண்டு. கடைவாய்ப்பற்கள் தலைகாட்டியதும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு இன்றுவரை, சிறிய தலையும் மென்மையான நைலான் முட்களும் கொண்ட சாதாரணக் குழந்தை பிரஷ்தான். எப்போதும் இரண்டு வைத்திருப்போம். ஒன்று அவள் மென்று விளையாட, மற்றொன்று நான் தேய்க்க. அவளுடையதன் முட்கள் சில வாரங்களிலேயே விரிந்துவிடும். என்னுடையதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

எந்த பிரஷ் என்பதைவிட எப்படித் தேய்க்கிறோம் என்பதுதான் முக்கியம். எதிரே நிறுத்திவைத்துத் தேய்த்தால் பாதிப் பல் கண்ணில் படாது. மடியில் தலை சாய்த்துப் படுக்க வைத்து, மேலுதட்டை விரலால் உயர்த்திப் பார்க்க வேண்டும். ஈறோரத்தில் ஏடுபோல மெல்லிய வெண்படலம் தெரியும். பிரஷால் இரண்டு தேய்ப்பில் போய்விடும். தேய்த்தும் போகாமல் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு கோடு நின்றால், அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

பற்பசையில்தான் விளம்பரங்கள் மிகவும் குழப்புகின்றன. பழச்சுவையோடு, ஃப்ளூரைடு இல்லாமல் விற்கும் குழந்தைப் பசை என்னைப் பொறுத்தவரை வெறும் வாசனைச் செலவு. சொத்தையைத் தடுப்பது ஃப்ளூரைடு. எங்கள் மருத்துவர் சொன்னபடி 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃப்ளூரைடு உள்ள பசையை, முதல் பல்லிலிருந்தே, அரிசி மணி அளவுக்கு மட்டும் தடவுகிறோம். இந்த வயதில் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் செய்வார்கள். அளவு இவ்வளவு குறைவாக இருப்பது அதனால்தான். மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவுக்குப் போகலாம்.

இத்தனையும் செய்துவிட்டு இரவில் பால் புட்டியோடு தூங்க விட்டால் பயனில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் குறைகிறது. பால் மேல்முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. கீழ்ப்பற்களை நாக்கு மூடியிருப்பதால் அவை ஓரளவு தப்பிக்கும். இரவு பல் தேய்த்தபின் தண்ணீர் மட்டும் என்ற நிலைக்கு அவளைக் கொண்டுவந்ததுதான் இந்த மொத்தக் காலத்திலும் எனக்குக் கடினமான வேலை. பிரஷுக்கு அழுததைவிட அதற்கு அதிகம் அழுதாள்.

ஈறை மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைப் பலரும் பரிந்துரைத்தார்கள். நாங்கள் வாங்கவில்லை. பென்சோகைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஜெல்களை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்திருக்கிறது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடக்கூடும். கடிப்பதற்கு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த ரப்பர் வளையம் போதுமானதாக இருந்தது. உறைய வைத்தால் கல்லாகி ஈறைப் புண்ணாக்கும்; குளிர்ந்திருந்தாலே போதும்.

இப்போது பின்பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்த இடுக்கில் எந்த பிரஷும் நுழையாது என்பதால், கைப்பிடி வைத்த பல் இடுக்கு நூலை இரவில் மட்டும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை அதைக் கடித்து அறுக்காமல் இருக்கிறாள்.