கம்மனஹள்ளிப் பட்டறையின் பாம்புப் பெட்டி: பெட்டி பிரமாதம், கன்ட்ரோலர் சுமார்

பெங்களூரில் பால் பைத்தான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளர்ப்பவர்களில் பலர் இன்னமும் மீன் தொட்டியின் மேல் கம்பிவலையைப் போட்டு, அதன்மீது ஒரு பல்பைத் தொங்கவிட்டுச் சமாளிக்கிறார்கள். கண்ணாடிச் சுவர்களும் வலைக்கூரையும் உள்ளே கொடுக்கும் சூட்டை எல்லாம் அறைக்குத் திருப்பித் தந்துவிடுவதால், பாம்பைவிட அறைதான் அதிகம் குளிர்காய்கிறது. இதற்கு மாற்றாக, கம்மனஹள்ளிப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய பட்டறையில் 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் பிவிசி பலகையாலான பெட்டியை ஹீட்டர், அதை வெப்பநிலைக்கேற்ப ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலருடன் செய்து தருகிறார்கள். அல்சூரில் மாடி வீட்டின் மேல்தளத்தில், வளர்ந்த பால் பைத்தான் ஒன்றுக்காக நான் வாங்கிய அந்தப் பெட்டி இப்போது டிசம்பர்க் குளிரையும் ஏப்ரல் வெயிலையும் பார்த்துவிட்டது. பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதனுடன் வரும் வெப்பக் கட்டுப்பாட்டை, சில மாற்றங்களைக் கேட்டு வாங்காவிட்டால், பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் பெட்டி. 10 மில்லிமீட்டர் பிவிசி ஃபோம் பலகையை மூலைகளில் திருகி, உள் இணைப்புகளில் சிலிக்கான் இழுத்திருக்கிறார்கள். பிளைவுட் பெட்டிகளில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அடிப்பலகை உப்பிக்கொள்வது வழக்கம். இதில் அந்தத் தொல்லை இல்லை. முன்புறம் இரண்டு சறுக்குக் கண்ணாடிகள், அவற்றின் நடுவில் நகைக்கடை ஷோகேஸ்களில் பார்க்கும் பல்வரிசைப் பூட்டு. கண்ணாடிக்குக் கீழே நான்கு விரற்கடைக்கும் மேலான தடுப்பு இருப்பதால், மண்ணை நல்ல ஆழத்துக்கு நிரப்பினாலும் சறுக்குப் பள்ளத்தில் துகள் விழுந்து கண்ணாடி சிக்குவதில்லை. காற்றுத்துளைகளைக் குளிர்ந்த பக்கத்தில் தாழ்வாகவும் சூடான பக்கத்தில் உயரமாகவும் வைத்திருப்பது, செய்தவர் யோசித்துச் செய்திருக்கிறார் என்பதற்கு அடையாளம்: சூடான காற்று மேலே வெளியேறும்போது புதுக்காற்று கீழே தானாக உள்ளே வருகிறது. ஆர்டர் எடுக்கும்போதே, "பொட்டிய எந்தச் செவுத்துப் பக்கம் வைப்பீங்க சார், அங்க சாயங்கால வெயில் அடிக்குமா?" என்று கேட்டார். மேற்குச் சுவர் என்றதும், பின்பலகையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார்.

வெப்பக் கட்டுப்பாட்டுக்கு வரும்போது நம் ஊரின் இயல்பைக் கணக்கில் கொள்ள வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும், குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்கி வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம், நம் வீடுகளில் அதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரியும், மறுமுனையில் 25, 26 டிகிரியும் தேவை. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. இந்த இரண்டு முனைகளுக்கு இடையில் நகர்ந்துதான் சரிசெய்துகொள்கிறது. எனவே ஒரே சீரான வெப்பம் என்பது இங்கே ஒரு குறை. குளிர்ந்த இரவுகளில்கூட இந்தப் பெட்டியின் 100 வாட் செராமிக் ஹீட்டர் இந்த ஏற்றத்தாழ்வைத் தாங்கிப் பிடித்தது. பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு தோலைப் பொசுக்கிக்கொள்ளாதபடி கம்பிக்கூடும் மாட்டியிருக்கிறார்கள்.

கோளாறு சென்சாரை வைத்த இடத்தில்தான். முட்டை பொரிக்கும் இன்குபேட்டர்களில் பொருத்தும் அதே மலிவான டிஜிட்டல் கன்ட்ரோலரை, எஸ்.பி. ரோட்டில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைப்பதை, இதில் போட்டிருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதன் சென்சாரைப் பின்பலகையின் நடுவில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒட்டிவிட்டார்கள். திரையில் 30 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்த வேளையில், ஹீட்டருக்கு நேர்கீழே பாம்பு படுக்கும் மரப்பட்டையின் மேற்பரப்பை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தபோது 40ஐத் தொட்டிருந்தது. கன்ட்ரோலர் பொய் சொல்லவில்லை; பெட்டியின் நடுக்காற்றை அளக்கச் சொன்னார்கள், அதை அளந்தது. சென்சாரை ஹீட்டருக்குக் கீழே, பாம்பின் முதுகு வரும் உயரத்தில், அது இழுத்துப் போடாதபடி கிளிப் வைத்து இறுக்கிய பிறகே அளவுகள் ஒத்துப்போயின.

இரண்டாவது குறை இதைவிடக் கவனிக்க வேண்டியது. இவ்வகைக் கன்ட்ரோலரில் ஹீட்டரை ஓட்டி நிறுத்தும் சுவிட்சான ரிலே பழசாகும்போது, அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டு 'ஆன்' நிலையிலேயே நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. அப்படி நின்றால் ஹீட்டரை அணைக்க இந்தப் பெட்டியில் வேறு எதுவும் இல்லை. கூரைக்கு அருகே, குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் சிறு தெர்மல் கட்-அவுட் ஒன்றைத் தொடரிணைப்பில் சேர்ப்பதற்கு ஆகும் செலவு, கண்ணாடிப் பூட்டின் விலைகூட இராது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டிய கருவிக்கு இது கட்டாயம் இருந்தாக வேண்டும்.

கோடை இன்னொரு கதை. மார்ச் கடைசியிலிருந்து மேல்தள அறையே பிற்பகலில் 32, 33 டிகிரியைத் தொடும்போது, சூட்டைத் தக்கவைக்கும் என்று நாம் பாராட்டிய அதே பிவிசி, வந்த சூட்டை வெளியே விட மறுக்கிறது. ஹீட்டர் அணைந்தே கிடந்தும் குளிர்ந்த முனை 31ஐத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கன்ட்ரோலரிலேயே குளிரூட்டலுக்கென்று தனி இணைப்பு ஒன்று இருக்கிறது. பட்டறைக்காரர்கள் அதில் எதையும் மாட்டாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் ஹீட்டருக்குக் கீழே இருக்கும் சென்சாரைக் கொண்டு விசிறியை ஓட்டினால் குளிர்ந்த முனையின் நிலை தெரியாமலே போகும். அதனால் அந்த முனைக்கென்று தனி சென்சாருடன் இன்னொரு கன்ட்ரோலரை வாங்கி, மேல் துளையில் 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறியைப் பொருத்தினேன். ஜன்னலைத் திறந்து அறைக்குள் மாலைக்காற்று வந்ததும் பெட்டியின் சூடு விரைவில் இறங்கிவிடுகிறது. அறைக்காற்றைவிடக் குளிராக்க விசிறியால் முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடுப்பகலுக்குப் பெட்டியைக் கீழ்த்தளத்தில் வைப்பதே நல்லது.

ஈரப்பதத்தைப் பொறுத்தவரை பெட்டி நன்றாகவே நடந்துகொள்கிறது. குளிர்காலத்தில் 18 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதத்துடன் உள்ளே வரும் காற்றை 31 டிகிரிக்குச் சூடாக்கினால், அதில் நீராவி குறையாமலே ஈரப்பதம் 32 சதவீத அளவுக்கு விழுந்துவிடும். பாம்பு சட்டையை முழுதாக உரிக்காமல் துண்டு துண்டாகக் கிழிப்பதும், கண்ணின்மேல் உள்ள பழைய தோல்மூடி உரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட வறட்சியில்தான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும், உப்பு கழுவிய தென்னைநார்த் தூளை ஆழமாக நிரப்பி, ஓரங்களில் மட்டும் தண்ணீர் ஊற்றி அடிப்பகுதியை ஈரமாகவும் மேற்பகுதியை உலர்வாகவும் வைத்ததில், இந்தப் பெட்டி 60 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. மேலே தெளித்து நனைத்துக்கொண்டே இருந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகக்கூடும்.

வெளிச்சத்துக்கு ஓர் எல்இடி பட்டை மட்டுமே கொடுக்கிறார்கள். இரவில் நடமாடும் பைத்தானுக்கு அது போதும் என்று வாதிடலாம். இகுவானா, பியர்டட் டிராகன் போன்ற பகலில் நடமாடும் பல்லிகளுக்கு இதே பெட்டியைக் கேட்பவர்கள், அவற்றுக்குத் தேவையான யூவிபி (புற ஊதாக் கதிர்) குழல்விளக்கைப் பெட்டிக்குள்ளேயே கூரையில் மாட்டித் தரச் சொல்ல வேண்டும்; கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும் என்பதால் வெளியிலிருந்து காட்டும் விளக்கால் பயனில்லை.

ஹீட்டர், கன்ட்ரோலர் சேர்த்து முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. சொன்ன தேதிக்கு ஒரு வாரம் தாமதமாகக் கொண்டுவந்து, மாடிப்படி திருப்பத்தில் நுழையாததால் கண்ணாடியைக் கழற்றி ஏற்றி, மீண்டும் பொறுமையாக மாட்டிக் கொடுத்தார்கள். முன்பணம் வாங்குமுன் பாம்பின் பதிவுச் சான்றையும் கேட்டார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது: 2022 திருத்தத்துக்குப் பின் பால் பைத்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது, 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், நம் நாட்டு மலைப்பாம்பை வளர்ப்பதற்கோ அனுமதியே இல்லை. சென்சார் இடத்தையும் கட்-அவுட்டையும் பற்றிப் பேசியபோது, கேட்டால் செய்து தருகிறோம் என்றார் பட்டறைக்காரர். இப்போது ஆர்டர் கொடுப்பவர்கள் சென்சார் ஹீட்டருக்குக் கீழே, கூரையில் கட்-அவுட், மேல் துளையில் தனி சென்சாருடன் விசிறி ஆகிய மூன்றையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளவும்.