நிலக்கரிக்கு மாற்று: சூரியனா, காற்றா?

நிலக்கரியை விட்டால் எது என்று கேட்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான்.

செலவு: சோலார் பேனல் விலை 2010-க்குப் பிறகு ஏறக்குறைய 90 சதவீதம் சரிந்துவிட்டது. காற்றாலையும் மலிவானது, அந்த அளவுக்கு இல்லை.

உழைப்பு: பேனலில் அசையும் பாகமே இல்லை, 25 ஆண்டு தாங்கும். காற்றாலையின் ஆயுள் 20–25 ஆண்டு; பேரிங், கியர் எல்லாம் தேயும்.

உற்பத்தி: சிக்கலே இங்கேதான். பேனல் இரவில் படுத்துவிடும். காற்றாலை இரவிலும் சுழலும். ஆனால் காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்குதான். இடம் பார்த்து நடாவிட்டால் போட்ட முதல் போச்சு!

வீட்டுக் கூரைக்கு சோலார், யோசிக்கவே வேண்டாம். காற்று ஓயாத கடலோரத்தில் பெரிய திட்டமென்றால் காற்றாலை. நாட்டுக்கே மின்சாரம் என்றால் இரண்டும் வேண்டும், கூடவே பேட்டரியும்.