பிஜிடி-ஏ சோதனைக்குக் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

ஐவிஎஃப் சிகிச்சையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்கு முன் அதன் குரோமோசோம் எண்ணிக்கையைப் பார்க்கும் பிஜிடி-ஏ சோதனையை, இதைச் செய்துவிட்டால் குழந்தை நிச்சயம் என்கிற தோரணையில் எங்கள் தலையில் கட்டினார்கள். ரிப்போர்ட்டில் ஒரு கருவுக்கு நேராக 'மொசைக்' என்றிருந்தது. அதாவது சில செல்கள் சரியாகவும் சில செல்கள் பிசகியும் இருக்கின்றன. மற்ற எல்லாவற்றுக்கும் 'அசாதாரணம்'. சரி, அந்த மொசைக் கருவையாவது வைத்துப் பார்க்கலாமா என்று போனில் கேட்டால், "அதை அப்பவே டிஸ்கார்ட் பண்ணியாச்சு மேடம், ஃபார்ம்லயே இருக்கே" என்கிறார்கள்.

இருந்ததுதான். கட்டண விவரங்களுக்கு நடுவே, பொடி எழுத்தில், 'உகந்ததல்லாத கருக்கள் அப்புறப்படுத்தப்படும்' என்று ஒரே ஒரு வரி. மொசைக்கும் அதில் அடக்கம் என்று டாக்டரோ கவுன்சலரோ வாயே திறக்கவில்லை.

இந்தச் சோதனைக்கு ஐந்தாம் ஆறாம் நாள் கருவிலிருந்து ஐந்து முதல் பத்து செல்கள் வரை எடுக்கிறார்கள், அதுவும் பின்னால் நஞ்சுக்கொடியாகப் போகிற வெளிப்பக்கத்திலிருந்து. குழந்தையாக வளரப்போகிற உள்பகுதியைத் தொடுவதே இல்லை, அங்கே நிலைமை வேறாகவும் இருக்கலாம். மொசைக் கருக்களிலிருந்து ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்ததை இத்தாலிய மருத்துவர்கள் 2015லேயே வெளியிட்டுவிட்டார்கள். கலைந்துபோகும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டியவர்கள் நாங்கள் அல்லவா? 2021இல் சீனாவில் நல்ல கருக்கள் கிடைத்த 1,212 பெண்களிடம் நடந்த ஆய்வில் குழந்தை பெற்றவர்கள் சோதனை செய்த பிரிவில் 77.2 சதவீதம், செய்யாத பிரிவில் 81.8 சதவீதம். இதையும் யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

தாலசீமியா மாதிரி குடும்பத்தில் ஓடும் நோய்க்காகக் குறிப்பிட்ட ஒரு மரபணுவைத் தேடும் சோதனை வேறு, அது எத்தனையோ பேருக்கு வரம். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. இருந்தும் அதே மருத்துவமனை அடுத்ததாக, கருக்களுக்கு அறிவுத்திறன் மதிப்பெண்ணும் போட்டுத் தருகிறோம் என்றது. பல நூறு மரபணுக்களும் வளர்ப்பும் சேர்ந்து தீர்மானிக்கிற ஒன்றைச் சில செல்களை வைத்துக் கணித்து விற்பது அநியாயம்.

எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், இன்றுவரை பதில் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்திலேயே 'எங்களைக் கேட்காமல் எந்தக் கருவையும் அப்புறப்படுத்தக் கூடாது' என்று கையால் எழுதி, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி, ஒரு நகலை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.