கல்லாவா, கியூஆர் அட்டையா, ஸ்வைப் மெஷினா: ஒரு மளிகைக் கடைக் கணக்கு

வேளச்சேரியில் அப்பா மளிகைக் கடை போட்டு இருபத்து மூன்று வருடம் ஆகிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கல்லாவில் நான் உட்காருவேன். இரவு கணக்கு எழுதுவதும் நான்தான். போன மாதம் ஆர்டர் எடுக்க வந்த பிஸ்கட் கம்பெனிப் பையன், "இன்னும் எதுக்கு அண்ணாச்சி கல்லாப்பெட்டி? எல்லாரும் ஸ்கேன்தானே பண்றாங்க" என்று கேட்டான். அப்பா சிரித்துவிட்டு ஆர்டரைச் சொன்னார். எனக்கு அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது. ரொக்கம், யுபிஐ, கார்டு மூன்றையும் ஒப்பிட்டு எத்தனையோ பேர் பேசிவிட்டார்கள். ஆனால் எல்லாமே வாங்குகிறவர் பக்கத்திலிருந்து வரும் பேச்சு. விற்கிறவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட வியாபாரத்துக்கு யுபிஐக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ரொக்கத்தை விட்டுவிட்டு யுபிஐயை மட்டும் நம்பும் கடையை நான் நடத்த மாட்டேன். கார்டு எங்களைப் போன்ற கடைக்குத் தேவையே இல்லை.

கார்டை முதலில் முடித்துவிடலாம். டெபிட் கார்டு தேய்த்தால் வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள சிறு வியாபாரிக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு இல்லை, பெரும்பாலும் இரண்டு சதவீதத்தை ஒட்டிப் போகும். சர்க்கரையில் எங்களுக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் நின்றால் பெரிது. விற்ற விலையில் இரண்டு சதவீதம் கொடுத்தால் மிச்சம் என்ன? மெஷினுக்கு மாத வாடகை வேறு. பத்தாயிரம் ரூபாய்க்கு மிக்ஸி விற்கிற கடைக்கு அது சரி. நூறு கிராம் கடுகு விற்கிற கடைக்கு ஒத்துவராது.

ஆக, நிஜமான போட்டி ரொக்கத்துக்கும் யுபிஐக்கும்தான்.

சாயங்கால நெரிசலில் யுபிஐ செய்யும் உதவியை வெளியில் இருப்பவர்களால் முழுசாகப் புரிந்துகொள்ள முடியாது. ஏழிலிருந்து ஒன்பது வரை கடை முன்னால் குறைந்தது ஆறு பேர் நிற்பார்கள். முன்பெல்லாம் ஒவ்வொருவருக்கும் சில்லறை எண்ணிக் கொடுக்க வேண்டும். 37 ரூபாய்க்கு வாங்கிவிட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். மூன்று ரூபாய் சில்லறை இல்லாமல் மிட்டாய் கொடுத்தால் முகம் சுளிப்பார்கள், அதிலும் தப்பில்லை. இப்போது 37 என்றால் 37. சவுண்ட் பாக்ஸ் தமிழில் சத்தமாகச் சொல்லிவிடும். என்னைக் கேட்டால், கடைத்தெருவில் யுபிஐ வேரூன்றியதில் பாதிப் பங்கு அந்தச் சின்னப் பெட்டிக்கு உண்டு. அது வருவதற்கு முன் அப்பா ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, போனைத் திறந்து குறுஞ்செய்தி வந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுச் சாமானோடு போனவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

வளர்ந்த வேகமும் கொஞ்சம் நஞ்சமில்லை. யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அந்த வருடம் டிசம்பரில் மாதத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் பரிவர்த்தனைகள். 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடியைத் தாண்டியது. ஆனால் ரொக்கமும் குறையவில்லை. பணமதிப்பிழப்பு அறிவித்த 2016 நவம்பரில் நாட்டில் புழக்கத்தில் இருந்தது ஏறக்குறைய 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடிக்கு மேல். மதிப்பில் மிகப் பெரும் பகுதி ஐந்நூறு ரூபாய் நோட்டுதான். எங்கள் கல்லாவில் பத்தும் இருபதும் ஏன் கிடைக்காமல் திண்டாடுகிறோம் என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. மக்கள் ரொக்கத்தைச் சேமித்து வைக்கிறார்கள், யுபிஐயைச் செலவழிக்கிறார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

அப்புறம், முடங்கும் நாட்கள். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமான இடம் இதுதான்.

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஐந்து வாரம்கூட முழுதாக ஆகவில்லை. ஏடிஎம்களில் பணம் இல்லை. எங்கள் தெருவில் மருந்துக் கடையில் மட்டும்தான் ஸ்வைப் மெஷின் இருந்தது. புயலுக்குப் பிறகு கரண்ட்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை, அந்த மெஷின் மேசையில் சும்மா கிடந்தது. நோட்டும் இல்லாமல் நெட்வொர்க்கும் இல்லாமல் ஒரு பெருநகரம் அப்படி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த வாரம் எங்கள் கடையை நடத்தியது அப்பாவின் நீல அட்டை போட்ட கடன் நோட்டு. பேர், சாமான், தொகை. தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்காமல் எழுதினார். பொங்கலுக்குள் பெரும்பாலும் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள்.

ஏழு வருடம் கழித்து மிக்ஜாம். 2023 டிசம்பர் 4 அன்று வேளச்சேரி எப்படி மூழ்கிக் கிடந்தது என்பதை எல்லாரும் செய்தியில் பார்த்திருப்பார்கள். இந்த முறை நோட்டுக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் வீட்டில் நோட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் போயிருந்தது. நல்ல சம்பளம் வாங்கும் ஒரு தம்பி முழங்கால் தண்ணீரில் வந்து, அணைந்து போன போனைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குப் பால் பவுடர் கேட்டான். கணக்கில் லட்சக்கணக்கில் இருக்கலாம், கையில் பத்து ரூபாய் இல்லை. அப்பா பால் பவுடரைக் கொடுத்துவிட்டு நோட்டைத் தேடினார். தண்ணீரில் நனையாமல் மேல் தட்டில் இருந்தது.

புயல்தான் வர வேண்டும் என்றும் இல்லை. யுபிஐயில் ஒரு முறை பணம் போக வேண்டுமென்றால், அனுப்புகிறவர் வங்கி, நடுவில் யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம், வாங்குகிறவர் வங்கி, இரண்டு பக்கமும் செயலி என்று இத்தனை பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். 2025 மார்ச் 26 அன்று நாடு முழுவதும் திணறியது. பிறகு ஏப்ரல் 12. அது சனிக்கிழமை, தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு. வெல்லம், பருப்பு, நெய் என்று கூட்டம் நின்ற நேரத்தில் எல்லார் போனிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிலருக்குக் கணக்கில் பணம் கழிந்தது, எங்களுக்கு வரவில்லை. வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கசப்பு வந்துவிடுகிறது. ரொக்கத்தில் இந்தக் கசப்புக்கு இடமே கிடையாது. கைக்கு வந்தால் வந்ததுதான். சின்னத் தொகைகளுக்கு யுபிஐ லைட் இருக்கிறது, பின் நம்பர் போட வேண்டாம், ஒவ்வொரு முறையும் வங்கிக் கணக்கைத் தொடாது என்பதால் தட்டுத்தடங்கலும் குறைவு. டீக்கடை, மளிகைக் கடைச் செலவுக்கு அதைத்தான் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் நானே சொல்வேன்.

அடுத்தது தடம். ரொக்கம் தடம் விடாது, யுபிஐ ஒவ்வொரு ரூபாய்க்கும் விடும். இதில் நல்லதும் கெட்டதும் இரண்டுமே எங்களுக்கு நடந்திருக்கிறது.

நல்லது பெரிது. முன்பு பெரிய ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டும் என்றால் தண்டல்காரரிடம்தான் போக வேண்டும். பத்தாயிரம் கேட்டால் எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் வைத்து, நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய் வசூலிப்பார். வங்கிக்குப் போனால் வருமானத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள், கல்லாப்பெட்டியைத் தூக்கிக்கொண்டா போய்க் காட்ட முடியும்? மூன்று வருட யுபிஐ வரவு கணக்கில் தெரிந்த பிறகு கடன் கேட்டோம், கிடைத்தது. அப்பா வாழ்க்கையில் வாங்கிய முதல் வங்கிக் கடன் அது.

கெட்டது இது. ஒரு நாள் காலையில் கடைக் கணக்கு முடங்கிக் கிடந்தது. யாரோ எங்கோ ஏமாற்றிய பணம் பல கணக்குகள் சுற்றி, அதில் ஒரு துளி 340 ரூபாயாக எங்கள் கடையில் சாமான் வாங்கப் பயன்பட்டிருக்கிறது. வேறு மாநில சைபர் போலீஸ் கேட்டதால் முடக்கினோம் என்றது வங்கி. சாமான் வாங்கியவர் யார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. 19 நாள் அலைந்தோம். எண்ணெய் டீலருக்கும் உப்பு டீலருக்கும் கொடுக்கப் பணம் இருந்தும் கொடுக்க முடியவில்லை. தகராறுக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 340 ரூபாயை எடுத்து வைத்துக்கொள்ளட்டும், ஒரு குடும்பத்தின் முழுப் பிழைப்பையும் பூட்டுவது என்ன நியாயம்? இதை நாடு முழுவதும் கட்டாய விதியாக்க வேண்டும்.

வரி விஷயமும் இந்தத் தடத்தோடு சேர்ந்ததுதான். 2025 ஜூலையில் கர்நாடகாவில் யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பினார்கள். ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு 29 லட்ச ரூபாய். பச்சைக் காய்கறிக்கு வரியே கிடையாது! பெங்களூரில் கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டின. கடைசியில் முதல்வர் சித்தராமையா தலையிட்டு, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. ஜிஎஸ்டிக்கான விற்பனை வரம்பைத் தாண்டியவர் வரி கட்டத்தான் வேண்டும், நாங்கள் கட்டுகிறோம். ஆனால் வந்த பணம் எல்லாமே விற்பனை ஆகிவிடுமா? அக்கா அனுப்பிய சீட்டுப் பணமும் நண்பர் திருப்பிக் கொடுத்த கைமாற்றும் அதே கணக்கில்தான் விழுகிறது. கடைக்குத் தனிக் கணக்கு, வீட்டுக்குத் தனிக் கணக்கு என்று அந்த வாரமே நான் பிரித்துவிட்டேன். கியூஆர் அட்டை வைத்திருக்கிற எல்லாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

செலவு குறைவு என்பதில் யுபிஐதான் முன்னால் நிற்கிறது. 2020 ஜனவரி முதல் வியாபாரிக்குக் கட்டணம் இல்லை, சவுண்ட் பாக்ஸ் வாடகை மட்டும்தான். ரொக்கத்துக்கும் செலவு உண்டு. எண்ண நேரம், டெபாசிட் செய்ய ஆள், கிழிந்த நோட்டு, கள்ள நோட்டு. ஆனால் இந்த இலவசம் எத்தனை நாள் ஓடும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. சிறு தொகைப் பரிவர்த்தனைகளை ஊக்குவிக்க 2024-25-க்கு மத்திய அரசு ஒதுக்கியது 1,500 கோடி. யாராவது செலவை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவே 2025-ல் சொல்லிவிட்டார். பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் போன்பே, கூகுள் பே இரண்டு செயலிகள் கையில். ஒரு செயலிக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்ற விதியை என்பிசிஐ 2026 டிசம்பர் வரை தள்ளிப்போட்டிருக்கிறது. கட்டணம் வந்தே தீரும் என்றால், பெரிய நிறுவனங்களிடம் வாங்குங்கள். இரண்டாயிரத்துக்குக் கீழே, சின்னக் கடையில் கை வைக்காதீர்கள். ரொக்கம் என்ற மாற்று உயிரோடு இருக்கும் வரைதான் அந்தப் பேரத்தில் எங்களுக்கும் ஒரு குரல் இருக்கும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. பக்கத்து அபார்ட்மென்ட்டில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஒரு அக்கா எங்கள் வாடிக்கையாளர். முன்பு சம்பளம் அவர் கைக்கு ரொக்கமாக வந்தது. இப்போது மூன்று வீட்டிலும் போனில் அனுப்புகிறார்கள். அக்கா வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அது கணவர் கையில். பணம் வரும் நிமிடமே அவருக்குத் தெரிந்துவிடுகிறது, சாயங்காலத்துக்குள் பாதி போய்விடுகிறது. சாதாரண போனிலும் பணம் அனுப்ப 2022-லேயே வசதி வந்திருக்கிறது, ஆனால் எங்கள் கடையில் ஒருவர்கூட அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. போன வருடம் அந்த அக்கா ஒரு வீட்டில் மட்டும் பேசிப் பழையபடி ரொக்கமாக வாங்க ஆரம்பித்தார். அதில் நூறு, இருநூறு என்று அப்பாவிடம் கொடுத்து, "அண்ணாச்சி, தனியா எழுதி வச்சுக்கோங்க, பொண்ணு காலேஜ் பீஸுக்கு" என்பார்.

அந்த நீல நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கணக்கு ஓடுகிறது. நேற்றோடு 6,300 ரூபாய். அதைக் கல்லாவின் அடித்தட்டில் ஒரு கவரில் தனியாக வைத்திருக்கிறோம்.