பி.ஆர். ஆகவே தொடர்வதா, கனடியக் குடியுரிமை பெறுவதா?

கனடாவில் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) பெற்ற இந்தியர்கள், சில ஆண்டுகள் கழிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு பி.ஆர். ஆகவே தொடரலாம், அல்லது கனடியக் குடியுரிமை பெற்று, வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டையுடன் இந்தியாவுக்குப் போய் வரலாம். ஏழாண்டுகள் முதல் வழியில் இருந்துவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான். எனவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

வேலை, மருத்துவம், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றில் இரு வழிக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. கனடியத் தேர்தல்களில் வாக்குரிமை, பல நாடுகளுக்கு விசா இல்லாப் பயணம் ஆகியன குடியுரிமைக்கு உரியவை என்பது எல்லோரும் அறிந்ததே. என்னை மாற்றியது இவையல்ல, நாள் கணக்கு.

பி.ஆர். தகுதி நிலைக்க, 5 ஆண்டுகளில் 730 நாள்களாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தெரியும் இந்த விதியில், குடிவரவு அதிகாரி கேட்கும் நாளிலிருந்து 5 ஆண்டுகள் பின்னோக்கி எண்ணப்படுவதால், இன்று போதுமானதாக இருக்கும் கணக்கு அடுத்த ஆண்டு பற்றாமல் போகலாம். பி.ஆர். கிடைத்து ஓராண்டு முடிந்த நிலையில் என் தாயார் படுக்கையில் விழ, ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் இந்தியாவில் அவருடன் இருக்க நேர்ந்தது. மருந்து வேளைகளைக் குறித்த அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், மாதந்தோறும் மீதி நாள்களையும் எழுதி வந்தேன். தாயின் நோயையும் பி.ஆர். அட்டையின் ஆயுளையும் ஒரே நோட்டில் கணக்கிடுவது எவருக்கும் உவப்பான வேலையன்று. அட்டையின் தேதி முடிந்தால் மட்டும் தகுதி போய்விடாது என்பது உண்மை. ஆனால் செல்லுபடியாகும் அட்டையின்றி கனடாவுக்கு விமானம் ஏற விடமாட்டார்கள். வெளிநாட்டில் இருந்தபடியே தனிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அங்கும் அந்த 730 நாள்களைத்தான் பார்ப்பார்கள். குடியுரிமைக்கு 5 ஆண்டுகளில் 1,095 நாள்கள் இருந்தாக வேண்டும் என்றாலும், ஒருமுறை பெற்றபின் எத்தனை ஆண்டு வெளியே இருந்தாலும் அது போகாது. (துணைவர் கனடியக் குடிமகனாக இருந்து, வெளிநாட்டில் அவருடன் வாழும் நாள்கள் பி.ஆர். கணக்கில் சேரும் என்பதால், ஒருவர் மட்டும் மாறும் தம்பதியரும் உண்டு. யாருடன் யார் போனார் என்ற கேள்வி அங்கே எழக்கூடும்.)

இழப்பும் சிறிதன்று. 1955ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, விரும்பி வேறு குடியுரிமை பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை தானாகவே முடிந்துவிடுகிறது. ஓ.சி.ஐ. என்பது வாழ்நாள் விசா போன்றதே தவிர இரட்டைக் குடியுரிமையன்று. அதைக் கொண்டு வாக்களிக்கவோ தேர்தலில் நிற்கவோ இயலாது. விளைநிலம் வாங்க முடியாதே என்று பலர் தயங்குகிறார்கள்; வெளிநாட்டில் வசிக்கும் வரை இந்தியக் குடிமகனுக்கும் பொதுவாக அந்த அனுமதி இல்லை, பரம்பரையாக வருவது இருவருக்கும் வரும். வாக்கும் அப்படியே: வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்தாலும் தொகுதிக்கு நேரில் போனால்தான் போடலாம், நான் ஒருமுறையும் போனதில்லை. ஓ.சி.ஐ. அட்டையுடன் சில வாரங்களுக்கு மேல் நான் இந்தியாவில் தங்கியதில்லை என்பதால், நெடுநாள் வாழ்வு குறித்து உறுதியாக எதுவும் சொல்லமாட்டேன்.

சில ஆண்டுகளில் திரும்பி வந்து அரசுப் பணிக்கோ அரசியலுக்கோ போக எண்ணுவோர் பி.ஆர். ஆகவே இருப்பது நல்லது. மாற முடிவு செய்தவர்கள், கனடியக் குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாளை ஊர்ப்பயணத்துக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது. அன்று முதல் இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்ய முடியாது; கனடியக் கடவுச்சீட்டு எடுத்து, பழையதை ஒப்படைத்த சான்றிதழ் பெற்று, ஓ.சி.ஐ. கைக்கு வரும்வரை இந்தியாவுக்குப் போக விசா வேண்டும்.