மஸ்டாங் 289: நான்குக்கு ஒன்று ஹெட்டரா, ட்ரை-ஒய் ஹெட்டரா?

1965–66 ஃபோர்டு மஸ்டாங்கின் 289 வி8 எஞ்சினில், புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குப் பதிலாக ஹெட்டர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் கொண்ட புகைக்குழாய் அமைப்பு) பொருத்த விரும்புவோருக்கு இரு வழிகள் உள்ளன. நான்கு நீண்ட குழாய்கள் ஒரே கலெக்டரில், அதாவது பொதுக்குழாயில், சேரும் வகை, உயர்சுழற்சியில் கூடுதல் திறன் தரும். ஆனால் ஷாக் டவர்களால் (முன்சக்கர சஸ்பென்ஷனைத் தாங்கும் இருபக்கக் கூடுகளால்) குறுகிப்போன அந்த எஞ்சின் அறையில் அது ஸ்டீயரிங் இணைப்புகளையும் கிளட்ச் தண்டையும் உரசக்கூடும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதன் சிலிண்டரைத் தாழ்த்தும் பிராக்கெட்டும் பெரும்பாலும் தேவைப்படும், தரை இடைவெளியும் குறையும்.

குழாய்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பின் ஒன்றாகும் ட்ரை-ஒய் வகையோ, நடுத்தரச் சுழற்சியில் இழுவிசையைக் கூட்டும். 1965 ஷெல்பி ஜிடி350இல் பொருத்தப்பட்டதும் இதுவே. சாலையில் ஓட்டும் வண்டிக்கு நான் இதையே தயங்காமல் பரிந்துரைப்பேன். எதுவாயினும், முதல் ஓட்டத்துக்குப்பின் எஞ்சின் ஆறியதும் ஹெட்டரின் போல்ட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும். எஞ்சினுக்கும் ஹெட்டருக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் கரிக்கறை தெரிந்தால் அங்கே கசிவு இருக்கிறது.