தனிப்படுத்திய எழுத்துக்கு ஏற்றது எது: கிரேஸ்கேலா, சப்பிக்சலா?

எழுத்துருக்களின் விளிம்பை மென்மையாக்கும் முறைகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சுட்டியை இழுத்து ஒரு வரியைத் தெரிவு செய்தாலோ, தேடிய சொல் மஞ்சளில் ஹைலைட் ஆகி நின்றாலோ, எழுத்தும் பின்னணியும் வேறு நிறங்களாகிவிடுகின்றன. இப்படித் தனிப்படுத்திய நிலையில் எந்த முறை தாக்குப்பிடிக்கிறது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி.

மென்மையாக்கமே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் ஒரு வழிதான். திரையின் நுண்புள்ளியான ஒவ்வொரு பிக்சலும் எழுத்தாகவோ பின்னணியாகவோ மட்டுமே இருப்பதால் நிறம் மாறினாலும் எழுத்தின் வடிவம் மாறாது. ஆனால் வளைவுகள் மிகுந்த தமிழ் எழுத்து சிறிய அளவில் படிக்கட்டுகளாக உடைந்துவிடும். நாள் முழுவதும் படிப்பவர் இதைத் தேர்ந்தெடுக்கமாட்டார்.

எனவே உண்மையான போட்டி கிரேஸ்கேல், சப்பிக்சல் என்ற மற்ற இரண்டுக்கும் இடையில்தான். கிரேஸ்கேல் முறை, ஒரு பிக்சலின் எவ்வளவு பரப்பை எழுத்து மூடுகிறதோ அதற்கேற்ப எழுத்து நிறத்தையும் பின்னணி நிறத்தையும் கலந்து காட்டுகிறது. சப்பிக்சல் முறையோ, எல்சிடி திரையின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பட்டைகளால் ஆனது என்பதைப் பயன்படுத்திக்கொண்டு, அவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகக் கருதி, கிடைமட்டத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு நுணுக்கத்தைப் பெற முயல்கிறது. மைக்ரோசாஃப்ட் 1998-இல் அறிவித்த கிளியர்டைப் இந்த வகையைச் சேர்ந்தது. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அது இருந்தும் இயல்பாக இயக்கப்படவில்லை. அடுத்த பதிப்பான விஸ்டாவில்தான் தொடக்கத்திலிருந்தே இயங்கியது. வெள்ளையில் கறுப்பு எழுத்தைப் பிக்சல் அடர்த்தி குறைந்த திரையில் படிப்பதற்கு இது கிரேஸ்கேலைவிடக் கூர்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

தனிப்படுத்திய வரியில்தான் கணக்கு மாறுகிறது. தூய மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் முழுமையாக எரிந்து, நீலம் அணைந்திருக்கும் நிலை. அதன்மேல் வரும் கறுப்பு எழுத்திலும் நீலம் அணைந்தே இருக்கும். ஆகவே எழுத்தின் விளிம்பு நீலப் பட்டையில் வந்து விழுந்தால் அதைக் காட்ட வழியே இல்லை. மூன்று புள்ளிகளில் ஒன்று வேலையிழக்கிறது. ஒளிச்செறிவில் நீலத்தின் பங்கு சுமார் 7 விழுக்காடுதான் என்பதால் இந்த இழப்பு கண்ணை அவ்வளவாக உறுத்தாது. ஆனால் பின்னணி தூய பச்சையாக இருந்தால் மூன்றில் ஒரே ஒரு பட்டைதான் மாறும். சப்பிக்சல் முறை கொடுத்த கூடுதல் நுணுக்கம் முழுவதும் அங்கே கரைந்துவிடும். கிரேஸ்கேலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதனிடம் கூடுதல் நுணுக்கம் தொடக்கத்திலிருந்தே இல்லை, ஆகவே இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

இரு முறைகளையும் ஒன்றுபோல் பாதிக்கும் வேறொரு குறை உண்டு. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எழுத்து பாதி மூடிய பிக்சலுக்கு, கறுப்பை 0, வெள்ளையை 255 என்று குறிக்கும் அளவுகோலில் நடுவிலுள்ள 128 என்ற மதிப்பைக் கொடுத்தால் பாதி ஒளி வரும் என்று எண்ணத் தோன்றும்; ஆனால் வழக்கமான திரை அந்த மதிப்புக்குச் சுமார் 22 விழுக்காடு ஒளியையே வெளியிடுகிறது. பாதி ஒளி வேண்டுமானால் 188 அளவில் கொடுக்க வேண்டும். இந்தத் திருத்தத்தைச் செய்யாத மென்பொருளில், வெள்ளையில் கறுப்பு எழுத்து சற்றுத் தடித்தும், கரும்பின்னணியில் வெள்ளை எழுத்து மெலிந்தும் தெரிகின்றன. ஒரு வரியைத் தெரிவு செய்தவுடன் நிறங்கள் தலைகீழானால், எழுத்துருவே மாறிவிட்டது போன்ற தோற்றம் ஏற்படுவது இதனால்தான். தமிழில் இது முதலில் தெரிவது ‘கீ’ போன்ற எழுத்துகளில்: ஈகாரக் கொம்பின் நுனியில் இருக்கும் சிறு சுழி மெலிந்து மங்கி, ‘கி’ என்று படிக்க இடம்கொடுக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே கதிதான்.

மென்மையாக்கத்தைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவது ஹைலைட் நிறமே என்பது என் கருத்து. விண்டோஸ் 7-இன் தெரிவு நீலமான 51, 153, 255 (சிவப்பு, பச்சை, நீல மதிப்புகள்) மீது வெள்ளை எழுத்தின் நிறமாறுபாட்டு விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டின் அளவு, ஏறத்தாழ 2.9 மட்டுமே, இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல் சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5. விண்டோஸ் 10-இன் 0, 120, 215 அந்த எல்லையை ஒட்டி நிற்கிறது. எழுத்து நிறத்தை மாற்றாமல், 179, 215, 255 போன்ற இளநீலத்தைப் பின்னால் விரிக்கும் வழியில் கறுப்பு எழுத்துக்கு 14 வரை கிடைக்கிறது. ஒளிநிலை தலைகீழாவதில்லை என்பதால் எழுத்தின் தடிமனும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நான் இந்த வழியின் பக்கம்தான். குறை இல்லாமல் இல்லை: நிரல் திருத்திகளில் குறிப்புரைகளுக்கு வைக்கும் நடுத்தரச் சாம்பல் எழுத்து, வெள்ளையில் 4.5 அளவில் இருப்பது, இந்த இளநீலத்தில் 3-க்கு இறங்கிவிடும்.

திரையின் வகையும் தீர்ப்பைச் சாய்க்கிறது. அடர்த்தி மிகுந்த திரைகளில் சப்பிக்சலின் ஆதாயம் கண்ணுக்குத் தெரிவது அரிது. ஆப்பிள் 2018-இல் மேக்ஓஎஸ் மொஹாவியிலிருந்து அதை இயல்பு நிலையில் கைவிட்டது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரைகள் பலவற்றில் வண்ணப் புள்ளிகள் நேரான மூன்று பட்டைகளாக அமைவதில்லை. அங்கே சப்பிக்சல் முறை விளிம்பில் நிறக்கசிவைத்தான் சேர்க்கிறது. திரையைச் செங்குத்தாகத் திருப்பி வைப்பவர்களுக்கும் பட்டைகளின் திசை மாறிவிடுகிறது.

ஆகவே, அடர்த்தி குறைந்த எல்சிடி திரையில் நீண்ட உரையைப் படிப்பவர் சப்பிக்சலை வைத்துக்கொள்ளலாம். தேடல், திருத்தம், நிரல் எழுதுதல் என்று தனிப்படுத்திய எழுத்தோடு அதிகம் புழங்குபவருக்கு, வெளிர் நிற ஹைலைட்டுடன் கிரேஸ்கேலே மேல். எதைத் தேர்ந்தாலும், அமைப்புச் சாளரத்தின் மாதிரி வரிகளை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், தாம் அன்றாடம் பயன்படுத்தும் திருத்தியில் ‘கீழ்’, ‘கண்’ போன்ற சொற்கள் உள்ள ஒரு வரியை வழக்கமான எழுத்தளவில் தெரிவு செய்து, சுழியும் புள்ளியும் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.